‘முடிவு உங்கள் கையில்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

குழந்தை மருத்துவர்களுக்கும், மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்பது வயதில் இறந்துபோனான். அவனுக்குக் கொடுத்த மருந்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதில் எனக்கு யார் மீதும் குறை இல்லை. அவனைப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். எங்களிடம் ஒரு முடிவைக் கேட்ட விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. இந்த வாரமும் எங்கோ ஒரு தாயிடம் அதே விதமாகத்தான் கேட்டிருப்பீர்கள் என்ற எண்ணம் அதைவிட அதிகமாக வாட்டுகிறது.

நோய் இரண்டாவது முறை திரும்பியிருப்பதை எங்களிடம் சொன்னது லிஃப்டுக்கு எதிரே, நடைபாதையில். என் கணவரின் ஒரு கையில் ரிப்போர்ட் கோப்பு, இன்னொரு கையில் பையனின் தண்ணீர் பாட்டில். மருத்துவர் நின்றுகொண்டே பேசினார். நோய் திரும்பிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை காதில் விழுந்தன, மனத்தில் ஏறவில்லை. லிஃப்ட் கதவு இரண்டு முறை திறந்து மூடியது. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடுமையான கீமோ இன்னொரு முறை கொடுத்துப் பார்க்கலாம். நோய் அடங்கினால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போகலாம். வேண்டாமென்றால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். “முடிவு உங்கள் கையில். நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்” என்றார். அவர் ஈரமில்லாதவர் அல்ல. போகும்போது என் கணவரின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று இரவு நாங்கள் முடிவெடுக்கவில்லை, சண்டை போட்டோம். ஒரே நடைபாதையில் நின்ற இரண்டு பேருக்கும் இரண்டு வேறு செய்திகள் கிடைத்திருந்தன. ‘கொடுத்துப் பார்க்கலாம்’ என்ற சொல்லை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு ‘வலி இல்லாமல்’ என்பது மட்டும் நினைவிருந்தது. நடுவில் எத்தனை வாக்கியங்கள் சொல்லப்பட்டன, எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்றார், மாற்றுச் சிகிச்சையில் என்னென்ன ஆபத்து என்றார் என்பது இருவருக்கும் தெரியவில்லை. “நீ அவனைக் கைவிடப் பார்க்கிறாய்” என்றார் அவர். “நீங்கள் அவனைச் சித்திரவதை செய்யப் பார்க்கிறீர்கள்” என்றேன் நான். பதினைந்து ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாத சொற்கள். அவை எங்கள் குணத்திலிருந்து வந்தவை அல்ல, அந்த நடைபாதையிலிருந்து வந்தவை.

மருத்துவர் சொல்வதே முடிவு, பெற்றோர் தலையாட்டினால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதிலிருந்து விலகி வந்தது நல்லதுதான். ஆனால் விலகிய வேகத்தில் நீங்கள் மறு எல்லைக்குப் போய்விட்டீர்கள். இரண்டு வழிகளைச் சொல்லி, தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால் அது பெற்றோரின் உரிமைக்குக் கொடுக்கும் மதிப்பு என்று நினைக்கிறீர்கள். நான் அதை மதிப்பாக உணரவில்லை. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக் கரையில் நிற்பதாகத்தான் உணர்ந்தேன். படிவத்தில் எங்கள் கையெழுத்து இருக்கட்டும். அது எங்கள் குழந்தை. அதற்கு முன்பு நடக்கும் யோசனையில் நீங்களும் கூட இருக்க வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் சொற்களைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். “எல்லாம் செய்யட்டுமா?” என்று கேட்கிறீர்கள். உலகத்தில் எந்த அம்மா “வேண்டாம், பாதி செய்யுங்கள்” என்று சொல்வாள்? கேட்கும்போதே விடையையும் எங்கள் வாயில் திணித்துவிடுகிறீர்கள். “இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை” என்பது இன்னொன்று. வலிக்குச் செய்ய இருக்கிறது, மூச்சுத் திணறலுக்குச் செய்ய இருக்கிறது, தூக்கத்துக்கு, பயத்துக்கு, அவனுடைய அக்காவுக்குச் சொல்ல வேண்டியதற்கு என்று எவ்வளவோ இருக்கிறது. நோயைத் தாக்கும் ஒரு மருந்தை நிறுத்துவதை ‘சிகிச்சையை நிறுத்துவது’ என்று சொன்னால் எங்களுக்குக் கேட்பது ‘குழந்தையைக் கைவிடுவது’ என்றுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ பெற்றோர், தாங்கள் உள்ளூர விரும்பாத வைத்தியத்துக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

பெற்றோரால் உண்மையைத் தாங்க முடியாது என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. மகன் போன பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் பெற்றோரிடமும் மருத்துவர்களிடமும் விசாரித்தது. குணமாக வாய்ப்பில்லை என்பதை மருத்துவர்கள் இறப்புக்குச் சராசரியாக 206 நாட்களுக்கு முன்பே கணித்திருந்தார்கள். பெற்றோருக்கு அது உறைத்தது 106 நாட்களுக்கு முன்பு. இடையில் 100 நாட்கள். அந்த எண்ணைப் படித்த இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதுப் பையனுக்கு 100 நாள் என்றால் எவ்வளவு நீளம் தெரியுமா? 2006இல் வந்த இன்னோர் ஆய்வில், புற்றுநோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரில் 87 சதவீதம் பேர் நோய் எப்படிப் போகும் என்பதைப் பற்றி முடிந்த அளவு எல்லாத் தகவலும் வேண்டும் என்றே கூறினார்கள். அதை அடுத்து 2007இல் அதே ஆய்வுக் குழு சொன்னது எனக்கு வியப்பாக இருக்கவில்லை: கூடுதலாகச் சொல்லப்பட்ட பெற்றோரிடம்தான், குணமாகும் வாய்ப்பு குறைவாக இருந்தபோதும், நம்பிக்கை அதிகம் இருந்தது. மறைத்து வைத்துக் காப்பாற்றும் நம்பிக்கையில் ஒருவரும் சாய்ந்து நிற்க முடியாது. மருத்துவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அர்த்தம் தேடியே எங்கள் நாள் கழியும்.

மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி மருந்துக் குப்பிகளின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்குமே, விரலால் தட்டினால் கழன்றுவிடும், அதைச் சேர்ப்பான். செவிலியர்கள் துடைத்துக் கொடுப்பார்கள். நீலம், ஆரஞ்சு, சாம்பல், ஊதா என்று ஜன்னல் விளிம்பில் நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பான். எந்த நிறம் வந்தால் வாந்தி வரும், எது வந்தால் வாய் புண்ணாகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இரண்டாவது முறை நோய் திரும்பியதை அவனிடம் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்திருந்தோம். மறுநாள் வந்த செவிலியரின் தட்டில் பச்சை மூடி போட்ட குப்பி ஒன்று இருந்தது. அவனிடம் பச்சை கிடையாது. அதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பழைய மருந்து எதுவும் வேலை செய்யவில்லையா அம்மா?” என்று கேட்டான். நான் பொய் சொன்னேன். அவன் நம்பியதாகக் காட்டிக்கொண்டு, பச்சையைத் தனியாக ஒரு வரிசையில் வைத்தான்.

மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்–லாங்னர் ரத்தப் புற்றுநோய் வார்டில் குழந்தைகளோடு பழகி எழுதிய நூல் 1978லேயே வெளிவந்துவிட்டது. யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள் என்பதும், பெற்றோரின் மனம் நோகக் கூடாதென்று தெரியாததுபோல் நடந்துகொண்டார்கள் என்பதும் அவர் கண்டவை. இதை எனக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்வீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசியதாகச் சொன்ன 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாமல் இருந்த 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். நான் அந்த 69 பேரில் ஒருத்தியாக ஆகவிருந்தேன். ஆகாமல் தடுத்தது ஒரு பயிற்சி மருத்துவர். மாலை வேளையில் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூடிகளை அவனோடு எண்ணுவார். ஒருநாள் எண்ணிக்கொண்டே, “இந்தப் பச்சையைப் பற்றி உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக நாங்கள் மூன்று பேரும் பேசினோம்.

1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. முடிவை அவன் தலையில் கட்டுங்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. நான்கு வயதுப் பிள்ளையிடம் மாற்றுச் சிகிச்சை வேண்டுமா என்று கேட்பது கொடுமை. எந்தக் கையில் ஊசி போடலாம், யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எது அவனுக்கு மிகவும் பயமாக இருக்கிறது என்று கேட்கலாம். என் மகன் கேட்டது ஒன்றே ஒன்று. முதுகில் ஊசி போடும்போது அம்மாவை வெளியே போகச் சொல்லக் கூடாது.

நாங்கள் கேட்டு வாங்கிய ஒரு நாள் அவகாசத்தில் மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் எங்களை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப்போனார். சாமான் வைக்கும் அறைதான். மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, கீமோவைப் பற்றியே பேசாமல், “இந்தச் சமயத்தில் அவனுக்கு நல்ல அம்மாவாக, நல்ல அப்பாவாக இருப்பது என்றால் உங்களைப் பொறுத்தவரை என்ன?” என்று கேட்டார். தீவிர நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இதே கேள்வியைக் கேட்டு பமேலா ஹிண்ட்ஸ் என்ற செவிலியர்–ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: “அவனுக்கு வலிக்கும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது.” என் கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பெரியவனாகியிருந்தால் ‘அப்பா, நீங்கள் முயற்சி செய்யவே இல்லையே’ என்று என்னைக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். முந்தைய இரவு முழுக்கச் சண்டை போட்ட இரண்டு பேர், ஒருவர் பயத்தை ஒருவர் அப்போதுதான் கேட்டோம்.

அந்த இரண்டு பதில்களையும் சமூகப் பணியாளர் மருத்துவரிடம் கொண்டுபோனார். வேறொரு மூத்த மருத்துவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். “நீங்கள் சொன்னதை வைத்து நான் ஒரு யோசனை சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஒரு சுற்று கீமோ, இதே வார்டில், அம்மா கூடவே இருக்கும்படி. முடிந்ததும் மஜ்ஜைப் பரிசோதனை. நோய் அடங்கியிருந்தால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம். அடங்காவிட்டால், அல்லது நடுவில் வென்டிலேட்டர் தேவைப்படும் நிலை வந்தால், நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு அவனுடைய சுகத்தை மட்டும் பார்ப்போம். எது நடந்தால் நிறுத்துவது என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, மூன்று பேரும் படித்தோம். மறுபடி உட்காரும் தேதியையும் குறித்தோம். காலவரை வைத்துச் செய்து பார்க்கும் இந்த முறை நீங்கள் அறியாதது அல்ல. எங்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ‘நிறுத்து’ என்ற சொல்லை ஒரு நள்ளிரவில் நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. அது ஏற்கெனவே எல்லோருமாகச் சேர்ந்து, பகல் வெளிச்சத்தில் சொல்லிவைத்த சொல்.

நோய் அடங்கவில்லை. வீட்டுக்குப் போனோம். ஏழு வாரம்.

“உங்கள் குழந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று நாங்கள் எல்லோரும் உங்களைக் கேட்கிறோம். “அதை நான் சொல்லக் கூடாது” என்று நகர்ந்துவிடுகிறீர்கள். நாங்கள் உங்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களை இத்தனை மாதமாகப் பார்க்கிறீர்களே, எங்களுக்கு எது பொருந்தும் என்று நினைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம். அந்த மூத்த மருத்துவர் சொன்னதை நாங்கள் மறுத்திருக்கலாம். அவரும் கோபித்திருக்க மாட்டார். யோசனை சொல்வது வேறு, வற்புறுத்துவது வேறு. இது உங்களுக்குத் தெரியும்.

வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய்தணிப்புச் சிகிச்சை என்ற பெயரை எங்கள் காதில் கடைசி வாரத்துக்கு முன்பே போடுங்கள். குழந்தைகளுக்கான அந்தச் சிகிச்சை நோய் கண்டறிந்த நாளிலேயே தொடங்குகிறது, நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே வரையறுத்துவிட்டது. உலகில் 2 கோடியே 10 லட்சம் குழந்தைகளுக்கு மேல் அது தேவைப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்களுக்கோ அந்தக் குழுவை அறிமுகப்படுத்தியபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவிக்க வந்தவர்கள் என்றே நினைத்து, நான் முதல் நாள் அவர்களிடம் பேச மறுத்துவிட்டேன். மார்ஃபின் என்ற வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் என் கணவர் பதறினார்; பையன் அதற்கு அடிமையாகிவிடுவான், மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடும் வலிக்கு, எடைக்கேற்ற அளவில், கவனித்துக் கொடுக்கும்போது அது பாதுகாப்பானது என்பதை விளக்க ஒரு செவிலியருக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடம் ஒரு வருடத்துக்கு முன்பே கிடைத்திருந்தால் அவன் எத்தனை இரவுகள் நன்றாகத் தூங்கியிருப்பான்! 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஹெலன் ஹவுஸ்தான் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம். நோயாளிச் சிறுமி ஒருத்தியைப் பார்த்துக்கொண்ட பெற்றோருக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்க ஒரு கன்னியாஸ்திரி உதவியதிலிருந்து பிறந்த இடம் அது. குடும்பம் தூங்கினால்தான் குடும்பத்தால் யோசிக்க முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இதைப் படிக்கிறவர்கள், இது சாகப்போகும் குழந்தைகளைப் பற்றிய கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு அது தரும் காரணங்களில் ஒன்று, பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவது. 2030க்குள் உலக அளவில் 60 சதவீதக் குழந்தைகளையாவது பிழைக்கவைக்க வேண்டும் என்று 2018இல் இலக்கும் வைத்திருக்கிறார்கள். வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டில் ஒருநாள் காலியானது. குணமாகக்கூடிய பிள்ளை. முதல் மாத மருந்தில் ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்றதும், சரியாகிவிட்டது என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ‘நோய் தெரியவில்லை’ என்பதும் ‘நோய் போய்விட்டது’ என்பதும் ஒன்றல்ல, இன்னும் இரண்டு மூன்று வருடம் மருந்து வேண்டும் என்று அவர்கள் பேசும் மொழியில் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டில் காசு இல்லை, வேலை போய்விடும் என்பதையும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் வாங்கிய சம்மதம் வெறும் காகிதம்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, எல்லோருக்கும் நாற்காலி. கெட்ட செய்தி சொல்வது பயின்று பழகக்கூடிய திறமை. 2000ஆம் ஆண்டில் வெளியான, உங்களில் பலர் படித்திருக்கும் ஆறு படி முறையின் முதல் படியே இடத்தை ஏற்பாடு செய்வதும் உட்காருவதும்தான். உயிர் போகும் அவசரம் இல்லையென்றால் ‘நாளைக் காலைக்குள்’ என்று சொல்லாதீர்கள். செய்தியை ஒருநாள் சொல்லுங்கள், முடிவைப் பற்றி இன்னொரு நாள் பேசுங்கள். சொன்னதைப் போனில் பதிவுசெய்துகொள்ள விடுங்கள். வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்போம், ஊரிலிருந்து வரும் அண்ணனுக்கும் மாமியாருக்கும் போட்டுக் காட்டுவோம், ஆளுக்கொரு கதையாகத் திரிக்காமல் இருப்போம். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருக்கும்போது பேசுங்கள். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கிறோம் என்றால் அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவளைப் பற்றி, அதாவது நோயில்லாத அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றி, ஒரு கேள்வியாவது கேளுங்கள். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூன்று வருடத்தில் எந்த மருத்துவரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. நானும்கூடச் சில நாட்கள் அவளை மறந்திருக்கிறேன்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மருத்துவர் ஒரு குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதையும் அவருடைய வேலை நேரமாக எண்ணுங்கள். எங்கள் மருத்துவர் நடைபாதையில் நின்றுகொண்டு பேசியதற்குக் காரணம் வெளியே காத்திருந்த நாற்பது பேர். அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மகன் இறந்து பதினோரு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவன் பெயர், பதிவு எண், அடுத்த பரிசோதனைக்கு வராமல் தவறிவிட்டீர்கள் என்ற நினைவூட்டல். ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் என் மகள்தான் முதலில் பார்த்தாள். எனக்குக் காட்டாமல் அழிக்கப் பார்த்தாள். வீட்டில் இறக்கும் குழந்தைகளின் பெயர் உங்கள் பட்டியலில் இப்படியே தங்கிவிடுகிறது போலும். அதை நீக்கும் வேலையை யாராவது ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் நீக்கிய கையோடு அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்து, குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசட்டும். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பரவாயில்லை. நாங்கள் பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்